சிவனொளிபாதமலையும் நம்மூர் ஜல்லியும்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஜல்லியின் விலையைவிட அதைக் கொண்டுவரும் லாரி வாடகைதான் கையைக் கடிக்கும். உள்ளூரில் உடைக்கக் கல் இல்லை. தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கரையோடு போனால் கண்ணுக்குத் தெரிவது மணல், உப்பளம், பனை, கருவேலங்காடு, கண்மாய். மலை கிடையாது. ராமேஸ்வரத்தில் ஜனங்கள் ஏறிப் பார்க்கும் கந்தமாதன பர்வதம்கூட தீவுக்குள் கொஞ்சம் உயர்ந்த ஒரு மேடுதான். அந்தத் தீவில் இருப்பது மணலும் பவளப்பாறையும் மணற்கல்லும். ராமநாதசுவாமி கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் தூண்களின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்தது.

ஆனால் நம் மணலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், கருங்கல் இருக்கிறது. அதே குடும்பத்துக் கல் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் நடுவில், 2,243 மீட்டர் உயர மலையாக நிற்கிறது. அதுதான் சிவனொளிபாதமலை. சிங்களத்தில் ஸ்ரீபாத; ஆதாம் மலை என்றும் சொல்வார்கள். இங்கே புதைந்து கிடக்கும் கல் அங்கே எப்படி மேலே வந்தது, அந்த மலை ஏன் அப்படிக் கூம்பாக நிற்கிறது என்பதை, நிலவியல் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். தனுஷ்கோடியில் நின்றால் அந்த மலை தெரியுமா? தெரியாது. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் மலை அங்கிருந்து இன்னும் தெற்கே இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் நம் கரையிலிருந்து கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் 2,243 மீட்டர் உயரமுள்ள உச்சி, கடல் மட்டத்தில் நிற்பவருக்கு 170, 180 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் அடிவானத்துக்கு மேலே தலைகாட்டும். இலங்கையின் மேற்குக் கரையோரம் போன பழைய கப்பல்காரர்களுக்கு அது நல்ல அடையாளமாக இருந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இந்தக் கரைக்கு அந்த மலை அந்நியம் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றும் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு போக்குவரத்து இன்னும் பெருகியது. அந்த வழியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மலை தினமும் வாசலில் நிற்கும் மலை.

இலங்கையின் மிக உயரமான மலை இது இல்லை. பிதுருதலாகலை 2,524 மீட்டர். சிவனொளிபாதம் அதைவிடக் குள்ளம். ஆனால் பிதுருதலாகலை அக்கம்பக்கத்து மேடுகளோடு கலந்துவிடும், தனியாகக் கண்ணில் படாது. இது அப்படி இல்லை. மேற்கே தாழ்நிலம் சட்டென்று முடிந்து மலைநாடு எழும் விளிம்பில், தனி ஆளாகக் கூர் சீவி நிற்கிறது. உச்சியில் ஆறு அடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஒரு பாதச் சுவடு. அதைச் சிவன் பாதம் என்று நாமும், புத்தர் பாதம் என்று பௌத்தர்களும், ஆதாம் நபி கால் பதித்த இடம் என்று முஸ்லிம்களும் போற்றி வருகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோ பயணி இப்னு பதூதா ஏறினார். பாறையில் ஆணி அடித்து இரும்புச் சங்கிலி தொங்கவிட்டிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். சங்கிலி பிடித்து ஏற வேண்டிய அளவுக்கு உச்சிப் பகுதி செங்குத்து. இன்று நல்லதண்ணி பக்கமிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன.

கூம்பு என்றால் எரிமலையா?

படத்தைப் பார்த்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் எரிமலை என்றாலே கூம்பு வரைந்திருப்பார்கள், அதனால் கூம்பு என்றதும் எரிமலை நினைவுக்கு வருகிறது. இலங்கையில் எரிமலையே கிடையாது. சிவனொளிபாதத்தின் உச்சியில் வாய் இல்லை, சரிவில் எரிகுழம்பு வழிந்த தடமில்லை, சுற்றுவட்டாரத்தில் எரிமலைச் சாம்பல் படுகை எதுவும் இல்லை.

எரிமலைக் கூம்பு கீழிருந்து மேலே கட்டப்படுவது. உள்ளேயிருந்து வரும் குழம்பும் சாம்பலும் வாயைச் சுற்றிக் குவிந்து குவிந்து உயரும். சிவனொளிபாதம் நேர்மாறான வழியில் வந்தது. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்க அந்த உயரத்துக்குப் பாறை இருந்தது. மழையும் ஆறுகளும் சுற்றிலும் அறுத்து எடுத்துக்கொண்டு போயின. அறுக்க முடியாமல் மிச்சம் நின்றதுதான் இப்போது நாம் பார்க்கும் கூம்பு. இந்த மாதிரி மலைகளை எச்ச மலை என்பார்கள். மலை எங்கே வளர்ந்தது என்று கேட்பதைவிட, பக்கத்து நிலம் எங்கே போனது என்று கேட்டால் இந்த மலை புரிந்துவிடும்.

எங்கே போனது? கேளனி கங்கை, களு கங்கை, வளவை கங்கை ஆகிய மூன்று ஆறுகளின் தலைவாய்க்கால்களும் இந்த மலைக்காட்டில்தான் தொடங்குகின்றன. ஒன்று கொழும்புப் பக்கம் போகிறது, ஒன்று களுத்துறைக்கு, ஒன்று தெற்கே அம்பலாந்தோட்டைக்கு. ஆற்றின் தலை எப்போதும் மலையைப் பின்னோக்கித் தின்னும். மூன்று திசையிலிருந்தும் தின்றால் நடுவில் மிஞ்சுவது கூராகத்தான் இருக்கும். பாறையில் இயல்பாகவே இருக்கும் வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் பலகை பலகையாக உதிர்ந்து, பக்கங்கள் செங்குத்தாகிவிடுகின்றன.

கூம்பைப் பற்றிப் பேசும்போது அதன் நிழலையும் சொல்லிவிட வேண்டும். உச்சியில் விடியற்காலையில் நின்றால் மேற்கே பனிமூட்டத்தின் மேல் அப்பழுக்கில்லாத முக்கோணமாக நிழல் விழும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் முக்கோணம் என்று நினைப்போம். உண்மையில் எந்த உயரமான மலை உச்சியில் நின்று பார்த்தாலும் நிழல் ஏறத்தாழ முக்கோணமாகத்தான் தெரியும். நிழல் பல பத்து கிலோமீட்டர் நீளம்; தூரம் போகப் போக எதுவும் ஒடுங்கித் தெரிவது கண்ணின் இயல்பு; நாம் நிற்பது நிழலின் நுனிக்கு உரிய இடத்தில். நேராக ஓடும் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வதாகத் தெரிவதும் இதே கணக்கில்தான்.

கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மலை என்ன கல்லால் ஆனது என்று தெரிந்துகொள்ள இலங்கைக்குப் போக வேண்டியதில்லை. மதுரை, சிவகங்கை பக்கத்துக் குவாரிகளிலிருந்து நம் ஊருக்கு வரும் ஜல்லிக் குவியலில் நாலைந்து துண்டுகளைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்று தோன்றியது ஈரத்தில் மாறிவிடும். சிலதில் வெளுப்பும் கருப்புமாக மாறி மாறிப் பட்டைகள் ஓடும். பட்டை நேராக இல்லாமல் வளைந்து மடங்கியிருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி மாதிரி மின்னுவது குவார்ட்ஸ். பால் வெள்ளையிலோ இளஞ்சிவப்பிலோ தட்டையாகப் பளபளப்பது ஃபெல்ஸ்பார். கருமையாக இதழ் இதழாக இருப்பது மைக்கா. சில துண்டுகளில் கடுகளவோ மிளகளவோ மாதுளை முத்து நிறத்தில் புள்ளிகள் இருக்கும். அது கார்னெட்.

பட்டை பட்டையாக உள்ள கல்லை நைஸ் என்கிறார்கள். பட்டை இல்லாமல், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு பச்சையும் நீலமும் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வகை இருக்கும். அது சார்னோகைட். சிவனொளிபாதம் உள்ளிட்ட இலங்கை மலைநாட்டின் பெரும்பகுதி இந்த இரண்டு வகையாலும் ஆனது. கொடைக்கானல் மலையும், வைகை பிறக்கும் வருசநாட்டு மலையும் அதே வகைதான். சார்னோகைட் என்ற கல்லை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே தமிழ்நாட்டுக் கல்தான்: கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை பல்லாவரம் பக்கத்துக் கல். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார்.

இப்போது கார்னெட்டுக்கு வருவோம். அந்தச் சிவப்புப் புள்ளியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இந்த வகைக் கல்லில் கார்னெட் இப்படி விளைய வேண்டுமென்றால் கடும் வெப்பமும் கடும் அழுத்தமும் வேண்டும். இலங்கை மலைநாட்டுப் பாறைகளில் உள்ள கனிமங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, இவை நிலத்துக்கடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள சூட்டில் வெந்தவை என்பதே. அதற்கு முன்னால் இவற்றில் கணிசமானவை கடலடியில் படிந்த மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும். மணல் குவார்ட்ஸைட் ஆனது, சுண்ணாம்பு பளிங்குக்கல் ஆனது, களிமண் கார்னெட் கலந்த நைஸ் ஆனது. அந்தப் பழைய மணலோடு வந்த சிர்கான் என்ற மணிகளில் சில 300 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை. பாறை வெந்து உருமாறியது மட்டும் அண்மையில், அதாவது சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்.

அந்தச் சூடும் அழுத்தமும் எங்கிருந்து வந்தன? அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றோடொன்று மோதி ஒட்டி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாகிக்கொண்டிருந்தன. மோதலில் நிலம் மடிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. அடியில் சிக்கிய படிவுகள்தான் வெந்தன. மேலே, இன்றைய இமயமலைக்கு இணையான மலைத்தொடர் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு கல்கூட இப்போது மிச்சமில்லை. நாம் பார்ப்பது அதன் அடிவாரத்துக்கும் அடியில் இருந்தது.

அடியாழத்தில் இருந்த கல் மேலே வந்த விதம் நம் கடற்கரைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சரக்கு ஏற்றிய நாட்டுப்படகு தண்ணீரில் அமிழ்ந்து நிற்கும். கரையில் மூட்டைகளை இறக்க இறக்கப் படகு தானாக மேலே எழும். பூமியின் மேலோடும் அதற்குக் கீழே உள்ள, சூட்டில் மெல்ல நகரக்கூடிய பாறையின் மேல் அப்படித்தான் மிதக்கிறது. மழையும் ஆறும் மேலே உள்ள பாரத்தை அரித்துக்கொண்டு போகப் போக, அடியில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். எழும்பியது மறுபடி அரிக்கப்படும். இப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள்.

இதற்குச் சாட்சி இரண்டு கரையிலும் இருக்கிறது. புத்தளம் அருகே தப்போவ என்ற இடத்தில், இந்த வெந்த பாறையின் மேலேயே டைனோசர் காலத்து ஆற்றுப் படிவுகள் இருக்கின்றன. அவற்றில் அக்காலத் தாவரங்களின் அச்சுகள் கிடைத்துள்ளன. இங்கே சிவகங்கைப் பக்கத்திலும் ஏறத்தாழ அதே மாதிரியான தாவரப் படிவுகள் உண்டு. பாறையின் மேல் ஆற்று மண் படிய வேண்டுமென்றால் அந்தப் பாறை அதற்கு முன்பே தரைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே இருபது முப்பது கிலோமீட்டர் சுமையில் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே கரைந்து போய்விட்டது என்று தெரிகிறது.

அங்கே நின்றது, இங்கே இறங்கியது

சரி, இரண்டு பக்கமும் ஒரே கல் என்றால் நமக்கு ஏன் மலை இல்லை?

கோண்டுவானா பிறகு உடைய ஆரம்பித்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவும் இலங்கையும் அண்டார்ட்டிகாவை விட்டுப் பிரிந்தன. அந்த இழுபறியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலும் நிலம் விரிசல் விட்டது. முழுதாக அறுந்து போகவில்லை. நடுப்பகுதி மெலிந்து, பாளம் பாளமாக உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தைத்தான் காவிரிப் படுகை என்கிறார்கள். தஞ்சாவூர் டெல்டா தொடங்கி ராமநாதபுரம், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா வரை அதன் பகுதிகள்தான். பள்ளம் இறங்க இறங்க ஆறும் கடலும் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பின. அப்படி நிரம்பிய மண் பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தடிமன். நடுநடுவே இறங்காமல் நின்ற பாறைத் திட்டுகளும் உண்டு. மண்டபத்திலிருந்து நெடுந்தீவு நோக்கிக் கடலடியில் ஓடும் ஒன்றை மண்டபம்–டெல்ஃப்ட் முகடு என்று எண்ணெய் தேடுபவர்கள் அழைக்கிறார்கள் (டெல்ஃப்ட் என்பது நெடுந்தீவின் இன்னொரு பெயர்).

நம்மூரில் இதைக் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் வழுதூருக்குப் போங்கள். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே மண்டபம் சாலையில் இருக்கிறது, எரிவாயுவில் ஓடும் மின்நிலையம். அதற்கு வரும் வாயு, அந்தப் பள்ளத்தில் புதைந்த பழைய படிவுகளில் ஊறியது. இங்கே பாறை இறங்காமல் இலங்கையைப் போல மேலேயே நின்றிருந்தால் நமக்கு மலை கிடைத்திருக்கும், வாயு கிடைத்திருக்காது.

இறங்கியது என்றாலும் நடுவில் உள்ள கடல் ஆழமானது இல்லை. ராமர் பாலம் இருக்கும் வரிசையில் மணல் தீடைகளுக்கு நடுவே சில மீட்டர் ஆழம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு பனிப்பாளமாக உறைந்திருந்தபோது கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது ராமநாதபுரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே கடலே இல்லை, தரைதான். மலைநாடு அப்போது தீவின் மலை இல்லை, இந்த நிலப்பரப்பின் தென்கோடி மலை.

இலங்கையின் உயரத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. தீவைப் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று படிக்கட்டு தெரியும்: கரையோரச் சமவெளி, அதற்கு மேல் சில நூறு மீட்டர் உயரத்தில் இரண்டாவது, 1,500 மீட்டருக்கு மேல் மூன்றாவது, அதில்தான் நுவரெலியாவும் ஹோர்ட்டன் சமவெளியும். ஒவ்வொரு படிக்கும் இடையில் செங்குத்துச் சுவர். ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ என்ற விளிம்பில் நின்றால் கீழே 800 மீட்டருக்கு மேல் பள்ளம். கனடாவின் நிலவியலாளர் ஃபிராங்க் ஆடம்ஸ் 1929இல் இந்தப் படிகளை விவரித்தார்: நிலம் தேய்ந்து சமமாகும், பிறகு மொத்தமாக உயரும், மறுபடி விளிம்பிலிருந்து தேயும், அப்படி மூன்று தடவை. இந்திய நிலவியலின் பெரிய பெயரான டி.என். வாடியா 1938க்குப் பிறகு சில ஆண்டுகள் இலங்கை அரசின் கனிமவியலாளராக இருந்தார். தேய்ந்து உண்டான படிகள் இவை இல்லை, பூமி பிளந்து பாளங்கள் தனித்தனியாக உயர்ந்ததால் வந்தவை என்று 1945இல் எழுதினார். அவர் சொன்ன அளவுக்குப் பெரிய பிளவுகள் அந்தச் சுவர்களின் அடியில் தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதால், தேய்வின் பங்குதான் பெரிது என்று பின்னால் வந்தவர்கள் பலர் கருதினார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் மணலை வைத்து அளந்த ஓர் ஆய்வு.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் தரையில் உள்ள குவார்ட்ஸ் மணியைத் தாக்கும்போது பெரிலியம்-10 என்ற அணு மிகச் சிறிய அளவில் உண்டாகும். கதிர் ஓரிரு மீட்டர் ஆழத்துக்கு மேல் சரியாக இறங்காது. மலை வேகமாக அரித்தால் மணி மேற்பரப்பில் கொஞ்ச நாள்தான் இருக்கும், பெரிலியம் குறைவாகச் சேரும். மெதுவாக அரித்தால் அதிகம் சேரும். ஆற்று மணலை ஒரு கைப்பிடி அள்ளி இந்த அணுவை எண்ணினால், அந்த ஆற்றுக்கு மேலே உள்ள மலை முழுவதும் என்ன வேகத்தில் தேய்கிறது என்று சொல்லிவிடலாம். 2000களின் தொடக்கத்தில் ஃபிரீட்ஹெல்ம் ஃபான் பிளாங்கன்பர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் இலங்கை மலைநாட்டில் இதைச் செய்தார்கள். காடு மூடிய இடங்களில் கிடைத்த விடை: 1,000 ஆண்டுக்கு 2 முதல் 11 மில்லிமீட்டர்.

இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அந்த மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டும் இடங்கள் உண்டு. நம் கரையில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மணலை வாரி இறைக்கும் மாதங்களில் அங்கே அதே காற்று மழையாக இறங்கும். இவ்வளவு மழை பெய்தும், மேல் கணக்கை ஒட்டிய 10 மில்லிமீட்டர் வேகத்தில்கூட ஒரு கிலோமீட்டர் உயரம் தேய 10 கோடி ஆண்டு ஆகும். இமயமலையில் வேகமாகத் தேயும் பகுதிகள் ஓர் ஆண்டிலேயே சில மில்லிமீட்டர் இழக்கின்றன. பூமி இப்போது அடியிலிருந்து வேகமாக முட்டாத இடத்தில் மழை மட்டும் மலையை வீழ்த்திவிடாது. பாறை நின்ற இடத்திலேயே மக்கி மண்ணாகும், வேர் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சிவனொளிபாதம் இன்னும் நிற்பது அதனால்தான்.

தேய்ந்ததில் எல்லாமே வீணாகவில்லை. மலையின் தென்மேற்கே இரத்தினபுரியில் நிலத்துக்குள் குழி வெட்டி ‘இல்லம்’ என்று சொல்லும் சரளைப் படிவை எடுத்து, கூடையில் போட்டு நீரில் சுழற்றி அரிப்பார்கள். நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம் எல்லாம் வருவது அந்தச் சரளையில்தான். மலைப்பாறை வெந்தபோது உள்ளே விளைந்த கற்கள் அவை. பாறை மக்கியது, கல் மக்கவில்லை. கனமானதால் ஆறு அவற்றை நெடுந்தூரம் அடித்துப் போகாமல் பள்ளத்தில் போட்டுவிட்டது. தென் தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் அலை திரும்பும் வரியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியுமே, அந்தக் கார்னெட் மணல் சேர்வதும் இதே முறையில்தான். அது நம் பக்கத்து மலைகளிலிருந்து வந்தது.

மண் மூடிய சரிவுகள்

மேலே சொன்ன 2 முதல் 11 மில்லிமீட்டர் கணக்கு காடு இருக்கும் இடத்துக்கு மட்டும். 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைநாட்டுக் காட்டை வெட்டினார்கள். அதற்குப் பிறகு மகாவலி ஆற்றின் மேல்பகுதியில் பயிர் செய்யும் சரிவுகளில் மண் போகும் வேகம் இயற்கையான வேகத்தைப் போலப் பல பத்து மடங்கு என்று ஆய்வுகள் காட்டின. லட்சக்கணக்கான ஆண்டாக மக்கிச் சேர்ந்த மண் நம் முப்பாட்டன் காலத்துக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. சிவனொளிபாதத்தைச் சுற்றியுள்ள காடு இன்னும் பெருமளவு மிஞ்சியிருக்கிறது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இந்த மண்ணின் கதை வெறும் படிப்பு விஷயம் இல்லை. கெட்டியான பாறையின் மேல் பல மீட்டர் மக்கிய மண் உட்கார்ந்திருக்கிறது. பெருமழையில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையில் தட்டி நின்று, இரண்டுக்கும் நடுவில் சேரும். மண் கனத்துப் போகும், பிடிமானம் தளரும், ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்கும். 2014 அக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்தது அதுதான். லயன் வீடுகளோடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு, மண்ணுக்குள் போனவர்கள் நம் ஜனங்கள், அந்தச் சரிவில் வீடு இருந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. தோட்டத்தில் எங்கே லயம் கட்டுவது என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

சரிவு வருவதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி இருக்கும். தரையிலோ வீட்டுச் சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் கரண்டு கம்பமும் ஒரு பக்கமாகச் சாய்வது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது. இவற்றில் எதைப் பார்த்தாலும் மழை விடும் வரை காத்திருக்கக் கூடாது. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து எச்சரிக்கை விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம், 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். மலையகத்தில் உறவுக்காரர் உள்ளவர்கள் இந்த மூன்று எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அடைமழை என்று செய்தி வந்தால், எவ்வளவு மில்லிமீட்டர் என்றும், மேட்டில் ஏதாவது வெடிப்பு தெரிகிறதா என்றும் போனில் கேளுங்கள்.